பூஜைக்கு வராத ஃபிளாப்பி

உங்கள் போனில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனையாவது வெர்ஷன்? செட்டிங்ஸைத் திறந்து பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

முடியாதில்லையா? போகட்டும். அந்த வெர்ஷனுக்குக் கம்பெனி எதுவரைக்கும் பொறுப்பு என்றாவது தெரியுமா? அதுவும் தெரியாது. கவலை வேண்டாம், நான் வேலை பார்த்த துறையில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் கேட்டேன். பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "அதெல்லாம் தானா அப்டேட் ஆயிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை உறிஞ்சினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் இலையை மடித்திருப்பேன். தானாக ஆகுமாம்! நான் அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். மோர் வருவதற்குள் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், எழுதிக் குடுங்க, எங்க குரூப்ல போடறேன்" என்றான். போடு தம்பி. இதோ.

நான் ஆட்டையாம்பட்டிக்காரன். சேலத்தில் பி.எஸ்சி. கணிதம், கோயம்புத்தூரில் ஒரு வருஷ டிப்ளமோ, மெட்ராஸில் ஏ.சி. அறையில் ஒரு மாசப் பயிற்சி. ஏ.சி. அறைக்கு ஸ்வெட்டர் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அங்கே உருப்படியாகத் தெரிந்துகொண்டது. எண்பதுகளின் நடுவில், அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கிளை ஆபீஸில் சேர்ந்தேன். மெஷின் விற்பது, மாட்டுவது, மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பது எல்லாம் நாங்களே. கம்பெனி இன்று இல்லை, பெயர் வேண்டாம். அதன் ஆபரேட்டிங் சிஸ்டமும் இன்று இல்லை. ஆனால் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் கை வைத்தவன் என்றால் ஊரில் தனி மவுசு. ஆட்டையாம்பட்டி பஸ் கண்டக்டர் என்னை "வாய்யா கம்ப்யூட்டர்" என்றுதான் கூப்பிடுவார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படியில்தான் தொங்குவேன், உள்ளே சீட் இருந்தாலும்.

அந்தக் காலரை இறக்காமலே எனக்கு வேலை கற்றுக்கொள்ள இடம் கொடுத்தவர் எங்கள் கிளையின் தலைவர், கோமதி மேடம்.

என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர். ராசிபுரத்தில் தறி ஓட்டும் குடும்பம். எம்.எஸ்சி. முடித்து, மெட்ராஸில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, "எனக்கு எங்க ஊர்ப்பக்கம் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தவர். கஸ்டமர் இடத்துக்குப் போனால் அவர் செய்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். செருப்பை வாசலில் விடுவார். வாட்ச்சையும் வளையலையும் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைப்பார். பிறகு கஸ்டமர் புலம்பி முடிக்கும்வரை கீபோர்டைத் தொடவே மாட்டார். அவர்கள் புலம்பலும் சாதாரணப் புலம்பலா! கரண்ட் ஆபீஸ்காரனில் ஆரம்பித்து மச்சான் வரைக்கும் போகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெஷினைப் போடச் சொல்லி, திரையில் முதல் வரியில் வரும் வெர்ஷன் நம்பரை லாரி நம்பர் பிளேட் படிப்பதுபோல் சத்தமாகப் படிப்பார்.

"ரெண்டு. புள்ளி. நாலு."

அப்புறம் மூன்று கேள்விகள். புள்ளிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? இந்த நம்பருக்குக் கம்பெனி இன்னும் எத்தனை நாள் போனை எடுக்கும்? மாற்றினால், பிடிக்காவிட்டால், திரும்பி வர வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இருக்கிறது" என்ற பதில், பழையதைப் பதிந்துவைத்த ஃபிளாப்பியாக, அவர் கைக்கு வரும்வரை எதையும் மாற்றமாட்டார். எனக்கு ஆரம்பத்தில் இது ரொம்ப ஓவராகத் தெரிந்தது. ஒரு மாசத்தில் நானும் நம்பரைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் படிக்கும்போது அதில் ஒரு கெத்து இருக்கும்.

நான் சேர்ந்த சமயத்தில் கஸ்டமர் எல்லோரும் இரண்டாவது வெர்ஷனில் இருந்தார்கள். மூன்று வந்தது. 3.0. நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ஒரே மெஷினில் கூடுதல் டெர்மினல் மாட்டலாம், பெரிய டிஸ்க் போடலாம் என்று என்னென்னவோ போட்டிருந்தார்கள். கூடவே ஒரு குண்டு: இரண்டாவது வெர்ஷனுக்கு வரும் மார்ச்சோடு சப்போர்ட் முடிகிறது. அதற்குப் பிறகு கோளாறு வந்தால் திருத்தம் வராது, மாற்று ஃபிளாப்பி வராது, கேட்க ஆளும் கிடையாது.

மெட்ராஸ் மேனேஜரிடமிருந்து ட்ரங்கால் வந்தது. மனிதர் போனில் கத்துவார். ரிசீவர் மேடம் காதில் இருந்தாலும் எங்களுக்கும் கேட்கும்.

"கோமதி, எல்லா பிராஞ்சும் மூணுக்கு ஏறியாச்சு. உங்க ஊர் மட்டும்தான் பாக்கி!"

"தெரியுங்க சார்."

"தெரிஞ்சு? என்ன பண்ணப்போறீங்க?"

"மார்ச்சுக்குள்ள எல்லாரையும் ஏத்திடறேன் சார். ஆனா மூணு புள்ளி சைபர்ல ஏத்தமாட்டேன்."

"சைபர்னா என்ன, தீட்டா?"

"யாரும் இன்னும் லோடு ஏத்திப் பாக்காத வண்டிங்க சார் அது. மத்த ஊர்ல ஓடட்டும். எங்கெங்க இடிக்குதுன்னு தெரிஞ்சு, நீங்க சரிபண்ணி, பின்னாடி ஒரு ஒண்ணு போட்டு அனுப்புங்க. அன்னைக்கே ஏத்தறேன்."

எதிர்ப்பக்கம் மனிதர் என்னவோ முணுமுணுத்தார். மேடம் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டு, தன் டீயைக் குடித்தார். எனக்கோ மானம் போனது போல இருந்தது.

"மேடம், மெட்ராஸ்காரன் நம்மளப் பட்டிக்காடுன்னு நினைக்கமாட்டானா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறான். சேகர், மத்த ஊர்ல மில்லு நின்னா நமக்கு அது சேதி. இங்க நின்னா நம்ம ஆபீஸ் வாசல்ல லாரி வந்து நிக்கும். எது வேணும்?"

அந்த மாசமே சேதி வந்தது. வேறொரு ஊர்க் கிளையில் 3.0-க்கு மாறியிருந்த ஒரு மில்லில், நீளமான லிஸ்ட் எதையாவது அச்சடித்தால் பாதியில் மெஷின் உறைந்துபோனதாம். பிறகு 3.1 வந்தது. மேடம் கஸ்டமர் லிஸ்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் மெட்ராஸுக்கு ஒரு ட்ரங்கால் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது பொன்னுசாமி ஐயா. நாமக்கல் போகும் வழியில் குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கவைத்துச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் கொடுப்பார். கொடுப்பதோடு விடமாட்டார், எந்தப் பண்ணைக்கு எந்தத் தேதியில் குஞ்சு போனது, அந்தக் கணக்குப்படி எப்போது என்ன தடுப்பூசி என்று பார்த்து, தன் ஜீப்பிலேயே ஊசிக்காரர்களை அனுப்பிவைப்பார். அந்த வேலைக்குத்தான் கம்ப்யூட்டர். வாங்கிய அன்றே நோட்டில் எழுதிவைக்கும் வேலையையெல்லாம் நிறுத்திவிட்டார். டைப் அடிப்பது அவர் மருமகள் செல்வி. பி.காம். படித்த பெண், படபடவென்று அடிப்பாள், அதைவிடப் படபடவென்று பேசுவாள்.

மார்ச் முடிந்தால் இரண்டாவது வெர்ஷனுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லப் போனோம். பொன்னுசாமி ஐயாவுக்கு ஒத்துவரவில்லை.

"ஏனுங் மேடம், நல்லாத்தான ஓடுது? ஓடற வண்டிய எதுக்குங்க பிரிக்கோணும்?"

"உங்ககிட்ட ஒரு பழைய லாரி இருந்துதே, இன்னும் இருக்குங்களா?"

"இருக்குதுங்க. தீவனம் ஏத்தறமே."

"அதுக்கு ஸ்பேர் கிடைக்குதுங்களா?"

"எங்கீங்க! கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திப்போட்டான். நாமக்கல்ல பட்டறையில கடைஞ்சு போட்டு ஓட்டறேன்."

"இதுவும் அப்படித்தாங்க. மார்ச்சுக்கு அப்பறம் இந்த மாடலுக்கு ஸ்பேர் வராது. கடைஞ்சு போடறதுக்கு நாமக்கல்ல பட்டறையும் இல்ல."

பொன்னுசாமி ஐயா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யோசித்தார். மெட்ராஸ் பயிற்சியில் ஒரு வாரம் போர்டில் எழுதியும் எனக்கு ஏறாத விஷயத்தை அடுத்த நிமிஷம் அவர் வாயால் கேட்டேன்.

"அப்போ இப்படிச் சொல்லுங்க. மின்னாடி நம்பர் மாறுனா சேசிஸ் மாறுது. பாடி புதுசாக் கட்டோணும். பொறத்தாண்டி நம்பர் மாறுனா டிங்கரிங், பெயிண்ட்டு. சரிதானுங்களே?"

"அதேதாங்க!" என்றேன் நான்.

"அப்பறம் சிலதுக்குக் கடைசியில ஏ, பி-ன்னு எழுத்து போடறீங்களே?"

"பஞ்சர் ஒட்டுனதுங்க" என்றார் மேடம்.

செல்வி சிரித்த சிரிப்பில் அடுத்த கொட்டகைக் கோழியெல்லாம் கத்தியது. "மாமா, நீங்க பேசாம அஸ்தம்பட்டியிலயே வேலைக்குச் சேந்துக்கங்க."

"சேந்துக்குவேன் சாமி. அப்பறம் கோழிக்கு நீயா அடைகாக்கப்போற?"

சேசிஸ் மாறுகிறது என்பதில்தான் விஷயம். மூன்றாவது வெர்ஷனுக்குப் போனால் ஃபைல்களை எல்லாம் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய ஃபைலை இரண்டாவது வெர்ஷன் படிக்காது. அதனால் மாற்றுவதற்கு முன் பழைய ஃபைல்களை அப்படியே ஃபிளாப்பிகளில் இரண்டு செட் எடுத்து, ஒன்று கஸ்டமரிடம், ஒன்று எங்கள் ஆபீஸில். இது மேடத்தின் சட்டம். எல்லாக் கஸ்டமரும் தலையாட்டினார்கள். பொன்னுசாமி ஐயா ஆட்டவில்லை.

"எம் பண்ணை வெவரம் எதுக்குங்க சேலத்துல? ரெண்டையும் எங்கிட்டயே குடுத்துருங்க."

யார் யார் தன்னிடம் குஞ்சு வாங்குகிறார்கள் என்பது வெளியே போய்விடும் என்று பயம். அந்தத் தொழிலில் அது நியாயமான பயம்தான். மேடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். அவர் பொருள், அவர் விருப்பம். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இரண்டு செட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. "ஒண்ணு ஊட்ல, ஒண்ணு பண்ணை ஆபீஸ்ல வெச்சுக்கறனுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வைத்தும் கொண்டார்.

மாற்றினோம். 3.1 ஏறியது. கம்பெனி கொடுத்த சரிபார்ப்புப்படி பண்ணைகளின் பெயர், மொத்தப் பதிவு, மொத்தக் குஞ்சு எல்லாவற்றையும் மேடம் ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரி. செல்வி எங்களுக்கு முட்டை போண்டா கொடுத்தாள். அடுத்த வாரம் ஆயுத பூஜை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆயுத பூஜை எப்படி என்று தெரியாதவர்களுக்கு: லாரி, போர்வெல் ரிக், தறி, திருப்புளி, எதற்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டோம். பொன்னுசாமி ஐயா அந்த வருஷம் எங்கள் ஆபீஸ் பூஜைக்கு முன்னதாகவே வந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு போனார். மெஷினுக்கு மாலை, பிரிண்டருக்கு மாலை, ஃபிளாப்பிப் பெட்டியின் மூடிமேல் மேடம் வைத்த ஒரு சின்னச் சந்தனப் பொட்டு. எல்லாவற்றையும் நின்று பார்த்தார். "ஓ, இதுக்கும் வெக்கறதுங்களா" என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பின்ன, இதுதானுங்க ஆயுதமே" என்று சொன்னது நான்தான்.

பூஜை முடிந்து பண்ணை ஆபீஸ் திறந்த காலையில் செல்வியின் போன். படபடப்பு இருந்தது, ஆனால் இந்த முறை சிரிப்பு இல்லை.

"மேடம், மாத்துனதுக்கப்பறம் இன்னைக்குத்தான் ஊசி லிஸ்ட் எடுத்தேன், தப்பா வருதுங்க. போன மாசம் ஊசி போட்ட பண்ணைக்கு மறுக்காப் போடச் சொல்லுது. நெறையப் பண்ணைக்குத் தேதியே இல்லீங்க, வெறும் சைபர் சைபரா நிக்குது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் வெள்ளைக் கழிச்சல் வந்துருச்சுன்னு நேத்துத்தான் மாமாவுக்குச் சேதி வந்துது. இன்னைக்கு ஜீப்ப எங்க அனுப்பறதுன்னே தெரியலீங்க மேடம்."

வெள்ளைக் கழிச்சல் என்றால் ஒரு கொட்டகையில் நுழைந்தால் காலையில் நின்ற கோழி சாயங்காலம் சாய்ந்திருக்கும். ஊசி போட்ட கோழி தப்பும். எந்தக் கோழிக்குப் போட்டது, எதற்குப் போடவில்லை என்று தெரிந்தால்தானே போட? அவரிடம் குஞ்சு வாங்கிய பண்ணைக்காரர்கள் எல்லோரும் அந்த லிஸ்டை நம்பித்தான் இருந்தார்கள்.

மேடமும் நானும் பஸ் பிடித்துப் போனோம். போய் உட்கார்ந்து, வழக்கம்போல வாட்ச்சைக் கழற்றி வைத்து, செல்வி சொல்வதை முழுக்கக் கேட்டு, "மூணு. புள்ளி. ஒண்ணு" என்று படித்தார். பத்து நிமிஷத்தில் கோளாறு தெரிந்துவிட்டது. மூன்றாவது வெர்ஷன் தேதியை வெளிநாட்டு வழக்கப்படி, மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறது. ஐந்தாம் தேதி எட்டாம் மாதம் என்பது எட்டாம் தேதி ஐந்தாம் மாதமாகிவிட்டது. பதினேழாம் தேதி என்றால்? பதினேழாவது மாதம் ஏது? கையை விரித்துச் சைபர் போட்டுவிட்டது. புரண்டுபோன தேதியைத் திருப்பிப் போட்டுவிடலாம். சைபரானதை எதை வைத்துத் திருப்புவது?

பொன்னுசாமி ஐயா வாசலில் நின்றிருந்தார். மேடம் எழுந்து அவரிடம் போனார்.

"தப்பு எங்க பக்கம்ங்க. கம்பெனி எதைச் சரிபார்க்கச் சொல்லுச்சோ அதை மட்டும் பார்த்தேன். உங்களுக்கு எது உசுரோ அதைப் பார்க்கல. தேதியைப் பார்த்திருக்கணும்."

இதை அவர் சொன்ன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குரல் இறங்கவில்லை, நெளியவில்லை. பழியை மெட்ராஸ்காரன்மேல் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அதன் பிறகு எத்தனையோ பெரிய கம்பெனி அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வாக்கியத்தைக் கஸ்டமர் முகத்துக்கு நேரே சொன்னவர் வேறு யாரும் இல்லை.

பொன்னுசாமி ஐயா, "அது கெடக்குதுங்க. இப்ப வழியென்னங்க?" என்றார்.

மெட்ராஸுக்குப் போன் போட்டோம். நாங்கள் சப்போர்ட் உள்ள வெர்ஷனில் இருந்ததால் மறுபேச்சு இல்லை; இதே புகார் வேறு ஊரிலிருந்தும் வந்திருந்ததாம், 3.1A தயாராக இருந்தது. அன்று ராத்திரி ரயிலில் போட்டார்கள், மறுநாள் காலை சேலம் ஜங்ஷனில் நான் வாங்கிக்கொண்டேன், மேடமும் நானும் மறுபடி பண்ணைக்குப் போனோம். ஆனால் பஞ்சர் ஒட்டின டயரை மாட்ட வண்டி வேண்டுமே? புது நிரல் தேதியைச் சரியாக மாற்ற வேண்டுமானால், மாற்றாத பழைய ஃபைல்களை அதற்குக் கொடுக்க வேண்டும். அதுதான் அந்த இரண்டு செட்.

"எடுத்துட்டு வாங்க" என்றார் மேடம். பொன்னுசாமி ஐயா சந்தோஷமாகப் போய் இரண்டு பெட்டியோடு வந்தார். திறந்தார். நான் ஒரு சத்தம் போட்டேன். எழுத முடியாத சத்தம்.

ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். அந்தக் காலத்து ஃபிளாப்பியின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தட்டு அதன் வழியாகத் தெரியும், மெஷின் படிப்பதும் அதன் வழியாகத்தான். பொட்டு சரியாக அந்தத் திறப்பில், தட்டின் மேலேயே இருந்தது.

"ரெண்டு செட்டுக்குமாங்க?" என்றேன்.

"ஆமாங்க தம்பி. பூசைக்கு எல்லா ஆயுதத்தையும் ஒண்ணா வெக்கோணுமில்லீங்க? ஊட்ல இருந்ததையும் ஆபீசுக்குக் கொண்டாந்து வெச்சுத்தான் கும்புட்டேன்."

"அந்த எடத்துல எதுக்குங்க வெச்சீங்க?"

"நெத்தியாட்டம் இருந்துதுங்களே."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான் மேடத்திடம், தேதிகளைத் தோராயமாக ஊகிக்க ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்றேன். "தோராயமா ஊசி போட முடியாது சேகர்" என்று சொல்லிவிட்டுப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். புது பிளேடு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நாமக்கல் ரோட்டில் அதற்கா பஞ்சம், ஒரு கேனே வந்தது. நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்த மெல்லிய வேட்டி. ஊசிக்காரர்களின் ஸ்பிரிட்டும் பஞ்சும். எங்கள் பையிலிருந்து வெறும் ஃபிளாப்பி ஒன்று.

வெறும் ஃபிளாப்பியின் உறையை மேல் ஓரமாகப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த தட்டை எடுத்துத் தூக்கிப்போட்டார். அது இனி வெறும் சட்டை. பிறகு பொட்டு வைத்த ஃபிளாப்பியை அதே மாதிரி கீறி, தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து உருவினார். அழுத்தித் துடைக்கவில்லை. தண்ணீரைச் சாய்வாக ஊற்றி, சந்தனம் தானாக ஊறி இறங்கும்வரை காத்திருந்தார். சந்தனத்தில் மணல்போல் துகள் இருக்கும். தேய்த்தால் தட்டில் கோடு விழும், கோடு விழுந்தால் போயிற்று. நான் ஸ்பிரிட்டை எடுத்து நீட்டினேன். "அது தட்டுக்கு இல்ல, மெஷினோட தலைக்கு" என்று கையைத் தட்டிவிட்டார். வேட்டித் துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவைத்து, புதுச் சட்டைக்குள் நுழைத்து, மெஷினில் போட்டு உடனே நகல். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் படிக்கும் தலையை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது என் வேலை.

முழுசாக எதுவும் படிக்கவில்லை. பொட்டு இருந்த இடம் ஒவ்வொன்றிலும் அடிவாங்கியிருந்தது. ஆனால் இங்கேதான் மேடத்தின் இரண்டு செட் சட்டம் நின்றது. தட்டு உள்ளே சுழல்வது. எங்கே நின்றிருந்ததோ அங்கேதான் பொட்டு விழுந்திருக்கும். முதல் செட்டில் கெட்ட இடம் இரண்டாவது செட்டில் நன்றாக இருந்தது. இரண்டிலும் நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாகத் தைக்கும் புரோகிராமை நான் எழுதினேன். உட்கார்ந்த இடத்தில், ஒரே மூச்சில். இதைப் பந்தாவாகத்தான் சொல்கிறேன். மேடம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

கடைசி ஃபிளாப்பியில் மாட்டிக்கொண்டோம். இரண்டு செட்டிலும் பொட்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருந்தது. அதில் இருந்தது எந்தப் பண்ணைகள் என்று செல்வி பார்த்துச் சொன்னாள்: நாமகிரிப்பேட்டைப் பக்கம்.

ஜீப் வாசலில் நின்றது, ஊசிக்காரர்கள் ஐஸ் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுபடி மறுபடி படிக்கவைத்தேன். மெஷின் கறகறவென்று தேடிவிட்டு முடியாது என்றது.

"மெஷினை அணைங்க" என்றார் மேடம். "எல்லாரும் சாப்பிடலாம்."

"மேடம், இப்பப் போயா?"

"தட்டை வெளியே எடுத்து ஃபேனுக்குக் கீழ வையுங்க. சாப்பிடலாம்."

எழுந்து கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் பொன்னுசாமி ஐயா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. மேடம் ஊறுகாயை நகர்த்திவைத்தார். "சாப்பிடுங்க. ஈரம் காயணும். அவசரத்துல ரெண்டாவது தடவை கழுவுனேன், உள்ள ஈரம் நின்னிருக்கும்னு தோணுது. காயாம போட்டா இருக்கறதும் போயிரும்." அவ்வளவு நேரம் நாங்கள் பார்த்தது அலட்டல் இல்லாத நிதானம் என்று நினைத்திருந்தேன். டிபன் பாக்ஸை மூடும்போது பார்த்தேன், மூடி இரண்டு முறை வழுக்கியது.

சாப்பிட்டு முடித்து, தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டைக்குள் நுழைத்துப் போட்டார். கறகறவென்றது. நின்றது. மறுபடி கறகறவென்றது. படித்தது.

3.1A-வில் மாற்றினோம். இந்த முறை மேடம் முதலில் பார்த்தது தேதியை. செல்வியிடம், "உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கற பண்ணை சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு ஒத்துப்பார்த்தார். பிரிண்டர் லிஸ்டைத் துப்பியது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஊசிக்கு நாள் வந்திருந்த பண்ணைகள் அதில் இருந்தன. அன்றைக்கே போட வேண்டிய பண்ணையும் இருந்தது. பொன்னுசாமி ஐயா பேப்பரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. ஜீப் கிளம்பியது.

அவரிடம் குஞ்சு வாங்கிய பண்ணை எதிலும் அந்த முறை வெள்ளைக் கழிச்சல் நுழையவில்லை.

அடுத்த வாரம் பொன்னுசாமி ஐயா அஸ்தம்பட்டி ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு ஃபிளாப்பிப் பெட்டி.

"மேடம், இது உங்க ஊட்லயே இருக்கட்டுமுங்க. ஆபீசு வேண்டாம். ஊட்ல."

"உங்க பண்ணை விவரம் சேலத்துல எதுக்குன்னு கேட்டீங்களே?"

"அன்னைக்குக் கேட்டனுங்க. இன்னைக்கு நானே குடுக்கறனுங்க. ஆனா ஒண்ணு. பூசைக்குக் கேட்டு ஆரு வந்தாலும் குடுக்காதீங்க. நானே வந்தாலும்."

மேடம் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் நிஜமாகவே வந்தார். "ஒரு பொட்டு மட்டும் வெச்சுக் குடுத்தர்றனுங்களே, மூடி மேல." மேடம் கொடுக்கவில்லை. பொரிகடலை கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு என் வேலையில் எத்தனையோ மெஷின், எத்தனையோ சிஸ்டம், எத்தனையோ நம்பர். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன், மூன்று கேள்வியும் கேட்டேன். சைபரில் முடியும் எதையும் கஸ்டமரிடம் ஏற்றியதில்லை. ஜூனியர்கள் பின்னால் சிரித்தார்கள், தெரியும். சிரிக்கட்டும். கோமதி மேடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு ஓசூர் போனபோது சாமான் பெட்டிகளோடு பெட்டியாக அந்தப் பண்ணைப் பெட்டியையும் கட்டாமல், தனியாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பொன்னுசாமி ஐயா காலமாகிவிட்டார். பண்ணையைச் செல்விதான் நடத்துகிறாள். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பிப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தனுப்புகிறாள். ஃபிளாப்பி போய் சி.டி. வந்தது, அதுவும் போய்விட்டது.

இப்போது இருப்பது ஒரு ஹார்ட் டிஸ்க். என் வீட்டு பீரோவில், இரண்டாவது தட்டில், வேட்டிகளுக்கு நடுவே இருக்கிறது.